காலை வாசிப்பு

அன்று காலை சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: மாமியார். அவருக்கு வலப்பக்கம் இளைய மகன், மருந்துக்கடைக்காரன். இடப்பக்கம் மாமியாரின் அண்ணன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், இந்த விசாரணைக்கென்றே ஆள் அனுப்பி வரவழைக்கப்பட்டவர். சமையலறை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு இளைய மருமகள். மேசைக்கு எதிரே, உட்காரச் சொல்லப்படாமல், மூத்த மருமகள். மேசைமேல் இரண்டு ஃபோன்கள்: ஒன்று மாமியாருடையது, ஒன்று இளையவளுடையது. மூத்தவளுக்கு ஃபோன் கிடையாது; வகுப்பில் அவள் கொடுத்திருந்தது மாமியாரின் எண். அவளுடைய கணவன் சுவரில் படமாக இருந்தான். அவனைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

"அண்ணி," என்றான் மருந்துக்கடைக்காரன். குரலில் மரியாதைக்குக் குறைவே இல்லை. "கேட்டது காதுல விழுந்துதா? ஈமெயில் பாஸ்வேர்டு சொல்லுங்க."

மூத்தவள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனாலும் அடிவயிறு முட்டிக்கொண்டு நின்றது. வலது கை விரல்கள் சேலை மடிப்பில் தானாக அசைந்தன. அந்தக் கடவுச்சொல்லைத்தான் அவை தட்டிக்கொண்டிருந்தன. விரல்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவானோ என்று பயந்து கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கையை ஏன்டி ஒளிக்கிறே?" என்றார் மாமியார்.

கையை முன்னால் கொண்டுவந்தாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தேநீர் குடித்து முடித்ததும் பெண்களின் ஃபோன்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும். இரவு வந்தது, விடிகாலை வந்தது, போனது, எல்லாவற்றையும் மருந்துக்கடைக்காரன் சத்தமாக வாசிப்பான். அவனுடைய அப்பா தன் காலத்தில் தபால்காரர் கொண்டுவரும் கடிதங்களை அப்படித்தான் உடைத்து வாசிப்பாராம். மகன் காலத்தில் கடிதம் நின்றுபோனது, வாசிப்பு நிற்கவில்லை. மாமியாருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் தொடங்கிய உதவி அது என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். படிக்கத் தெரிந்த மருமகள்களுக்கும் ஏன் அந்த உதவி என்று யாரும் கேட்டதில்லை. "ஒளிவுமறைவு இல்லாத வீடு" என்று அக்கம்பக்கத்தில் பெயர்.

அன்றைய வாசிப்பில் மாமியாரின் ஃபோனில் ஒரு செய்தி இருந்தது. அனுப்பியது ஒரு ஆண். 'அக்கா, இன்னைக்குச் சீக்கிரமே வந்துருங்க. நான் வெளியவே நிக்கிறேன். ஃபைல் அனுப்பிட்டேன், ஈமெயில்ல பாருங்க.'

அதை மருந்துக்கடைக்காரன் இரண்டு தரம் வாசித்தான். முதல் தரம் வேகமாக. இரண்டாம் தரம், ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி.

அனுப்பியவர் ஒரு காவலாளி. ஏதோ கிடங்கில் இரவுக் காவல். சமுதாயக் கல்லூரியின் கம்ப்யூட்டர் வகுப்பில் மூத்தவளுக்குப் பக்கத்து நாற்காலி. ஐம்பது வயது இருக்கும். வேலை முடிந்து நேராக வகுப்புக்கு வருவதால் பாதி நேரம் தூங்குவார். ஒருமுறை ஒரே எழுத்தின் மேல் விரலை வைத்தபடி தூங்கிப்போய், பக்கம் பக்கமாக அந்த ஒரு எழுத்தால் நிரப்பியிருந்தார். "அக்கா, என்னை எழுப்பி விடறதுக்கே உங்களுக்குத் தனிச் சர்டிபிகேட் குடுக்கணும்" என்பார். இருவரும் ஒரே கோப்பை ஆளுக்குப் பாதி எழுத வேண்டும் என்பது டீச்சர் கொடுத்த பயிற்சி. அவர்கள் எழுதியது ஒரு விடுப்பு விண்ணப்பம். அதில் ரகசியம் என்று ஏதாவது இருந்தால், அது காவலாளிக்கு வராத காய்ச்சல்தான்.

இன்று பத்து மணிக்கு இறுதிப் பரீட்சை. அதற்கு முன் பயிற்சி செய்ய ஆய்வறையைத் திறந்து வைப்பதாக டீச்சர் சொல்லியிருந்தார்.

இதையெல்லாம் மூத்தவள் சொல்லிப் பார்த்தாள். குரல் நடுங்கியதால் உண்மை பொய்யைப் போலவே வந்து விழுந்தது.

"காவலாளியா?" என்றார் கண்டக்டர் மாமா. "ராத்திரி காவல் காக்கறவன் பகல்ல எதுக்கும்மா வெளிய நிக்கிறான்?"

"அவரும் பரீட்சை எழுதறார் மாமா."

"நான் முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவன். எந்த ஆம்பள எந்த ஸ்டாப்புல எதுக்கு நிக்கிறான்னு முகத்தைப் பார்த்தே சொல்லுவேன்."

"முகத்தை எங்க பார்த்தீங்க மாமா? செய்திதானே வந்திருக்கு" என்று இளையவள் வாசலிலிருந்து முணுமுணுத்தாள்.

"நீ உள்ள போய் வேலையைப் பாரு" என்றான் அவள் கணவன். அவள் போகவில்லை. நிலையோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

கூத்து என்னவென்றால், மூத்தவளை அந்த வகுப்பில் சேர்த்துவிட்டதே மருந்துக்கடைக்காரன்தான். கடையில் சரக்கு விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேவைப்பட்டது. வெளியாள் வைத்தால் சம்பளம். "அண்ணி வீட்ல சும்மாதானே இருக்காங்க, கத்துக்கட்டும்" என்றான். சும்மா இருந்த அண்ணி இன்று காலையும் முழு வீட்டுக்கும் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தாள்.

போன மாதம் டீச்சர் வகுப்பில் ஒரு சேதி சொன்னார். கண் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள், இந்தச் சான்றிதழ் இருந்தால் போதும் என்று. மூத்தவள் அதை வீட்டில் சொல்லவில்லை. பிறந்த வீடு என்று ஒன்று அவளுக்கு இப்போது இல்லை. அந்த மேசையை நினைத்துக்கொண்டுதான் துணி துவைத்தாள்.

"நானே திறந்து காட்டறேன் தம்பி," என்றாள். "கடைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டறேன். எல்லாத்தையும் படிங்க. எத்தனை தடவை வேணாலும் படிங்க. பாஸ்வேர்டு மட்டும்..."

"மட்டும்?"

"டீச்சர் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க."

கண்டக்டர் மாமா சிரித்தார். "டீச்சர் சொன்னா வேதம். நாங்க சொன்னா?"

டீச்சர் சொன்னது முதல் மாதத்தில். மூத்தவளைவிடப் பத்து வயது இளையவர். 'என்கிட்டயும் சொல்லாதீங்க' என்றார். அவள் தட்டும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். மூத்தவள் எழுத எழுத, திரையில் எழுத்துக்குப் பதில் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. அன்று அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. எதையோ திருடிக்கொண்டு போவதைப்போலப் படபடவென்று வந்தது. வீட்டுக்கு வந்து மாமியார் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்தப் பயம் இன்றுவரை போகவில்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போது, கால் பிடித்துவிடும்போது, அந்த எழுத்துகளை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பாள். இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அவை என்ன எழுத்துகள் என்று இங்கும் சொல்லப் போவதில்லை.

"பார்க்கறதுக்காகக் கேட்கலை அண்ணி," என்றான் மருந்துக்கடைக்காரன். "எனக்கு என்ன, ஊர்ல உள்ளவங்க மெயிலைப் படிக்கிறதுதான் வேலையா? அது என்கிட்ட இருக்கணும். அவ்வளவுதான். நான் வேற ஒண்ணா மாத்தி வெச்சுக்கறேன். உங்களுக்கு எப்ப வேணுமோ கேளுங்க, திறந்து குடுக்கறேன்."

"இன்னைக்குப் பரீட்சைக்கு உள்ள போகவே அதுதான் வேணும் தம்பி. அதைப் போட்டாத்தான் கேள்வித்தாளே வரும்."

"பரீட்சை எங்க ஓடிடப்போகுது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"புருஷன் இருக்கறவளுக்கே இந்த வீட்ல ரகசியம் கிடையாது," என்றார் மாமியார். "இல்லாதவளுக்கு என்னடி வேண்டிக்கிடக்கு?"

"தங்கச்சி, சீக்கிரம் முடிங்க," என்றார் கண்டக்டர். "எனக்குச் சர்க்கரை. நேரத்துக்குச் சாப்பிடணும்."

"உங்க ஃபோன் எங்கன்னு கேட்டா மட்டும் இவருக்குக் கோவம் வரும்" என்றாள் இளையவள், கணவனைப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில். கண்டக்டருக்குக் கேட்டுவிட்டது.

"ஆமாடா, உன் ஃபோன் மேசைக்கு வர்றதில்லையா?"

"அது கடை ஃபோன் மாமா. கஸ்டமர் விஷயமெல்லாம் இருக்கும். வெளிய தெரியக்கூடாது."

"அதுவும் சரிதான்" என்றார் கண்டக்டர்.

மருந்துக்கடைக்காரன் தாயின் ஃபோனைக் கையில் எடுத்து, எழுதிக்கொள்ளத் தயாரானான். "அண்ணி. கடைசித் தடவை கேக்கறேன். சொல்லலைன்னா நான் நேரா அந்தக் காலேஜுக்கு வந்து, அந்தக் காவலாளி சட்டையைப் பிடிச்சுக் கேப்பேன். எல்லார் முன்னாடியும். டீச்சர் முன்னாடியும்."

அவன் செய்வான். போன வருஷம் பால்காரனை அப்படித்தான் செய்தான். இளையவளைப் பார்த்துச் சிரித்தான் என்று. மூத்தவள் மேசை விளிம்பைப் பிடித்தாள். ஆய்வறை, வரிசையாகத் திரைகள், திரும்பிப் பார்க்கும் முகங்கள், பாவம் அந்த மனுஷரின் சட்டைக் காலர். சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் இந்த நடுக்கம் நின்றுவிடும்.

வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வெளியே வந்தது.

"ம்," என்றான் அவன், தட்டிக்கொண்டே. "அடுத்தது?"

அப்போது மேசைமேல் இருந்த மற்ற ஃபோன் உறுமியது. இளையவளுடையது.

பழக்க தோஷத்தில் அவன் கை அதற்குப் போனது. திறக்க எதுவும் தேவையில்லை. அவன் கட்டைவிரல் ரேகையும் அதில் பதிவாகியிருந்தது. இளையவளின் அம்மா எழுதியிருந்தாள். அவன் வாசித்தான்.

"'வயித்து வலி இப்ப எப்படி இருக்குடி? ரத்தப்போக்கு நின்னுதா? டாக்டர்கிட்ட போனியா, இல்லியா?'"

கண்டக்டர் மாமா ஜன்னலைப் பார்த்தார். மாமியார் தொண்டையைச் செருமினார்.

"என்னடி இது?" என்றான் அவன். "மருந்துக்கடைக்காரன் பொண்டாட்டிக்கு வயித்து வலின்னு ஊரெல்லாம் தண்டோரா போடுறியா?"

"சும்மா பேச்சுக்குச் சொன்னேங்க." இளையவள் சிரித்தாள். உதடு மட்டும் சிரித்தது. முகம் முழுக்க வேர்த்திருந்தது. "ஒண்ணும் இல்லீங்க. இப்பப் பரவால்ல."

"பரவால்லதானே? அப்ப அதையே சொல்லிடுவோம்." அவன் அவளுடைய ஃபோனில் தட்ட ஆரம்பித்தான். தட்டியதை, வழக்கப்படி, சத்தமாகவே வாசித்தான். "'எல்லாம் சரியாயிடுச்சும்மா. இனிமே இதைப் பத்திக் கேக்காதே.'" அனுப்பினான். ஃபோனைக் குப்புற வைத்தான். எல்லாம் ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் முடிந்துவிட்டது.

இளையவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தச் சிரிப்பை எப்போது நிறுத்த வேண்டும் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருப்பவளைப் போல. ஒரு கை மட்டும் அடிவயிற்றை அழுத்தியிருந்தது.

எங்கேயோ ஒரு அம்மா, மகள்தான் எழுதினாள் என்று நம்பி ஃபோனைக் கீழே வைத்திருப்பாள். மூத்தவளுக்கு அதுதான் முதலில் தோன்றியது. அடுத்துத் தோன்றியது, தன் பெயரில் ஒரு கடிதம். 'மதிப்பிற்குரிய டீச்சர், எனக்கு விருப்பமில்லை, நின்றுகொள்கிறேன்.' கண் மருத்துவமனைக்கு ஒன்று. அவன் எழுதுவான். வாசித்துக் காட்டிவிட்டே அனுப்புவான். மரியாதையாக.

"ம், அண்ணி. ஒரு எழுத்து ஆச்சு. அடுத்தது சொல்லுங்க."

"இல்ல தம்பி."

"என்ன இல்ல?"

"சொல்லமாட்டேன்."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. தைரியம் என்று எதுவும் வந்துவிடவில்லை. அடிப்பான் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவன் அடிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். அது அதைவிடப் பயமாக இருந்தது.

"திறந்து காட்டுன்னா காட்டறேன்," என்றாள். "அது என்கிட்டதான் இருக்கும்."

"பாத்தீங்களா மாமா?" என்றான் அவன். "ஆறு மாசம் மவுஸ் பிடிச்ச கை."

"நான் சாப்பிட்டுட்டு வர்றேனே" என்றார் கண்டக்டர்.

மாமியார் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஏய். இப்ப வாசலைத் தாண்டினா திரும்ப இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கக்கூடாது. என் புள்ள இருந்திருந்தா இந்தப் பேச்சுப் பேசுவியா?"

பேசியிருக்கமாட்டாள். அவன் இருந்தபோது அவளுக்குப் பேச்சே கிடையாது. அதை இப்போது சொல்லிப் பயனில்லை.

கல்லூரி அடையாள அட்டையும் ஒரு பேனாவும் இருந்த துணிப்பையை ஆணியிலிருந்து எடுத்தாள். மாற்றுச் சேலை எடுக்கலாமா என்று ஒரு கணம் உள்ளறைப் பக்கம் பார்த்தாள். உள்ளே போனால் மறுபடி வெளியே வர முடியாது என்று பட்டது. சுவரைத் தொட்டுக்கொண்டே வாசலுக்கு நடந்தாள். பின்னாலிருந்து எதுவும் வந்து விழவில்லை. அதனால் ஒவ்வொரு அடியும் முந்தையதைவிடக் கனமாக இருந்தது.

"விடும்மா, போகட்டும்," என்ற மருந்துக்கடைக்காரனின் குரல் கேட்டது. "சாயங்காலம் எங்க போவாங்க? இதே வாசல்ல வந்து நிப்பாங்க. பசி எடுத்தா பாஸ்வேர்டு தானா வரும்." பிறகு குரலை உயர்த்தினான். "ஏய், கதவைப் பூட்டு. நான் சொல்லாம திறக்காதே."

இளையவள் சாவியோடு வந்தாள். மூத்தவள் வெளிப்படியில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். வார் இரண்டு தரம் நழுவியது. சாயங்காலம் எங்கே போவாள் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

கதவு மூடவில்லை. ஒரு கை அகலத்தில் நின்றது. இடுக்கில் இளையவளின் ஒரு கண்ணும் பாதி வாயும் தெரிந்தன.

"அக்கா."

மூத்தவள் நிமிர்ந்தாள்.

"எத்தனை எழுத்து இருக்கணும்?"

முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் இடுக்கை நெருங்கினாள். "எட்டுக்குக் குறையக்கூடாது," என்றாள் மெதுவாக. "பேரு போடாதே. பிறந்த தேதி போடாதே. அவருக்குத் தெரிஞ்ச எதையும் போடாதே."

"பூட்டினியா, இல்லியா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"பூட்டிட்டேங்க" என்று இளையவள் சத்தமாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் கதவைச் சாத்தினாள். சாவி திரும்பியது.