ஆறாவது குரல்

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹம்மாதி என்னை அழைத்தபோது, எங்கள் ஊரான ஐன் திராஹமில் மூன்றாவது நாளாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு மாதம் ஒருமுறை மலைமேலிருக்கும் ஐன் ஸித்ராவிலிருந்து இறங்கி வருகிறவர் அவர். மகள் குஃப்ரானுக்கு ஒன்பது வயது. நான்கு வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறாள்.

"தங்கச்சி, மருந்து நேத்து காலையிலயே தீந்துபோச்சு. ராத்திரி முழுக்க வாந்தி. இப்ப மூச்சு ஒரு மாதிரி வாங்குது. ரோடு எப்பத் தொறப்பாங்க?"

ரோடு அன்று திறக்காது என்று எனக்குத் தெரியும். கணவாயில் இரண்டு பேருந்துகள் பனிக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. மீட்புப் படை மொத்தமும் அங்கேதான். மூடுபனியில் ஹெலிகாப்டரும் வராது. மருத்துவமனைக்கு ஓடினேன். டாக்டர் இன்சுலினை ஒரு சின்னப் பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க பசங்க நடந்து போயிருவாங்களா, நெஜ்லா?"

என் பசங்க என்றால் சாரணர்கள். எட்டு வருடமாக ஊர்ச் சாரணர் குழுவுக்கு நான்தான் தலைவி. பிள்ளைகள் என்னை 'காயிதா' என்று கூப்பிடுவார்கள். அரை மணி நேரத்தில் ஆறு பேர் வந்து நின்றார்கள். எல்லோரும் பதினாறு, பதினேழு வயது. அணித்தலைவன் யுஸ்ரியைக் கடைசியில் வரச் சொன்னேன். ஆறு பேரில் என் நம்பிக்கை அவன்மேல்தான். இன்சுலின் உறைந்தால் வீணாகிவிடும். அதனால் பையை அவன் சட்டைக்குள், அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"காயிதா, இது குஞ்சு பொரிச்சா நான் பொறுப்பில்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்று நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஆறு கிலோமீட்டர் ஏற்றம். மூன்றாவது கிலோமீட்டரில் வனக்காவலர் வீடு. அதுவரை மின்கம்பங்களைப் பிடித்துக்கொண்டே போகலாம். அதற்கப்புறம் கம்பிகள் பள்ளத்தாக்கைக் குறுக்கே தாண்டிப் போய்விடும். பாதை மட்டும் தக்கை மரக்காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும். கைகளை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் விசில் அடிப்பேன், அவர்கள் ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண் சொல்ல வேண்டும்.

காவலர் வீட்டைத் தாண்டி அரை மணி நேரம் ஏறியிருப்போம். மூன்றாவதாக வந்த அனிஸ் திடீரென்று காணாமல் போனான். பனிக்கு அடியில் ஓடை இருந்திருக்கிறது. மேல்பரப்பு உடைந்து, இடுப்புவரை தண்ணீருக்குள் நின்றான். இழுத்துப் போட்டோம். உலர்ந்த கால்சட்டையை மாட்டிவிட்டோம். ஐந்து நிமிடத்தில் அவன் நடுங்குவதை நிறுத்திவிட்டான். நடுக்கம் நின்றால்தான் பயம். பெயரைக் கேட்டால் தம்பியின் பெயரைச் சொன்னான்.

"திரும்புறோம்" என்றேன்.

"காயிதா!" யுஸ்ரி முன்னால் வந்தான். "இன்னும் ரெண்டரை கிலோமீட்டர்தான். இவன அவங்க கூட்டிட்டுப் போகட்டும். நீங்களும் நானும் ஏறலாம்."

"இந்த மூட்டத்துல இவங்கள வழிகாட்ட ஆளில்லாம அனுப்பச் சொல்றியா?"

"அப்ப நான் மட்டும் போறேன். எங்க மாமா இந்தக் காட்டுலதான் தக்கை மரப்பட்டை உரிக்கிறாரு. எனக்கு வழி தெரியும்."

"தனியா யாரும் போகக்கூடாது. காவலர் வீட்டுல இவன விட்டுட்டு, நான் ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு மறுபடி ஏறுறேன்."

"அதுக்குள்ள அந்தப் பொண்ணு செத்துப்போச்சுன்னா?"

"பையக் குடு" என்றேன். அவன் என்னை முறைத்துப் பார்த்தான். சட்டைக்குள் கையை விட்டுத் துணியில் சுற்றிய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். சூடாக இருந்தது. பிரித்துப் பார்க்காமல் என் கோட்டுக்குள் திணித்துக்கொண்டேன்.

அனிஸை என் தோளிலும் இன்னொருவன் தோளிலுமாகத் தாங்கிக்கொண்டு இறங்கினோம். பத்து நிமிடத்தில் விசில் அடித்தேன். ஒன்று, இரண்டு கேட்டது; அனிஸுக்காக நானே மூன்று சொன்னேன். மற்றக் குரல்கள் வந்தன. நான்கு, ஐந்து, ஆறு. எல்லோர் வாயிலும் ஸ்கார்ஃப், எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது. இன்னொரு பத்து நிமிடம். மறுபடி விசில். நான்கு. ஐந்து.

நின்றேன். "ஆறு?"

மறுபடி விசில் அடித்தேன்.

"யுஸ்ரி! டேய் யுஸ்ரி!"

கோட்டுக்குள்ளிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே இரண்டு அவித்த முட்டைகள்.

மேலே ஒருவன், தோளில் ஒருவன். அப்போது நான் யாரையும் திட்டவில்லை, அழவும் இல்லை. காவலர் வீடு கிட்டத்தில்தான் இருந்தது. அனிஸை அடுப்படியில் கிடத்தி, கம்பளியால் சுற்றி, ஈரத்தையெல்லாம் கழற்றினோம். காவலருக்கு முழங்கால் போன வருடமே போயிற்று. வாசலில் நின்று என்னைத் தடுத்தார்.

"ஒத்தையாவா போறே? நீயே சட்டம் போட்டு நீயே மீறுறியா?"

"இவங்கள்ல ஒருத்தரக்கூட வெளிய விடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

நாங்கள் பிரிந்த இடத்திலிருந்து அவனுடைய காலடித் தடம் தெரிந்தது. பனியால் பாதி நிறைந்திருந்தது. ஓடிப் பிடிக்க வேண்டும், நிறைவதற்குள். முக்கால் மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டே போனேன். பிறகு ஒரு சரிவில் அந்தத் தடத்தைக் குறுக்கே இன்னொரு தடம் வெட்டியது. குனிந்து பார்த்தேன். அதே பூட்ஸ். அதே உடைந்த குதிகால். அவன் வட்டமடித்துத் தன் தடத்தின்மேலேயே நடந்திருக்கிறான்.

மூன்று குறுகிய விசில். காத்திருந்தேன். மறுபடி மூன்று. இடதுபக்கம் ஏதோ முனகல் கேட்டது. ஒரு பெரிய தக்கை மரத்தடியில் குந்தியிருந்தான். இரண்டு கைகளும் அக்குளுக்குள். முகம் சாம்பல் நிறம். கன்னத்தில் கண்ணீர் உறைந்திருந்தது.

"மரமெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, காயிதா" என்றான். "நான் நடந்துகிட்டேதான் இருந்தேன்."

"மருந்து?"

"சூடாத்தான் இருக்கு."

அறைந்திருப்பேன். கை விறைத்துப் போயிருந்ததால் செய்யவில்லை. அவனை எழுப்பி, அவன் கொடுத்த அவித்த முட்டைகளையே அவன் வாயில் திணித்தேன். தலைக்குமேல் கம்பிகள் இல்லை, எங்கே நிற்கிறோம் என்று எனக்கும் தெரியவில்லை. இறங்குவதற்கும் ஏறுவதற்கும் தூரம் ஒன்றுதான் என்று கணக்குப் போட்டேன். சரியான கணக்கா என்று இன்றுவரை தெரியாது. கைபேசியில் ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது. ஹம்மாதியை அழைத்தேன்.

"அண்ணே, சத்தம் போடுங்க. கையில கிடைக்கிறத அடிங்க. நிறுத்தாம அடிங்க."

காலி கேஸ் சிலிண்டரைச் சுத்தியலால் அடித்தார். டங், டங் என்று மூடுபனிக்குள் எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. இருபது அடி நடப்போம், நிற்போம், கண்ணை மூடிக் கேட்போம். ஒருமுறை சத்தம் தேய்ந்துபோனது. திரும்பி வந்தோம். ஒருமுறை யுஸ்ரி உட்கார்ந்துவிட்டான். ஸ்கார்ஃபைப் பிடித்து இழுத்தேன். பிற்பகல் மூன்று இருபதுக்கு ஊரின் முதல் வீட்டுச் சுவர் என் நெற்றியில் இடித்தது.

ஹம்மாதி வீட்டுக் கதவருகே என் கால் மடங்கி நான் சரிந்தேன். யுஸ்ரி எனக்கு முன்னால் நுழைந்தான். அக்குளிலிருந்து பையை எடுத்து நீட்டினான். ஹம்மாதி அவனைக் கட்டிக்கொண்டு தேம்பினார். உறவுக்காரப் பையன் ஒருவன் அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் போனில் அளவு சொல்லச் சொல்ல நான் ஊசி போட்டேன். இருட்டுவதற்குள் குழந்தையின் மூச்சு அடங்கியது. மறுநாள் மதியம் ரோடு திறந்து அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அனிஸுக்கு இரண்டு கால்விரல்கள் கறுத்து, நகம் விழுந்து, பிழைத்தன.

அந்தப் படத்தில் நான் இல்லை. பனி படிந்த ஒரு பையன் தனியாகக் கதவைத் திறந்து வருகிறான், ஒரு தகப்பன் அழுகிறான். இரண்டே நாளில் நாடு முழுக்க அதைப் பார்த்துவிட்டது. யுஸ்ரி தனியாகத்தான் போனான் என்று ஊர் சொன்னது. அவன் அதை மறுக்கவில்லை.

அடுத்த வாரம் மாவட்ட ஆணையர் அழைத்தார்.

"சேவைப் பதக்கம் குடுக்குறதா தலைமையகத்துலயே முடிவு பண்ணிட்டாங்க. தலைவியோட அறிக்கை ஒண்ணு வேணும், சம்பிரதாயத்துக்கு. ரெண்டு பக்கம் போதும். டிவிக்காரங்க வருவாங்க. உன் பேரும் வரும்."

எழுதினேன். 'அணித்தலைவர் யுஸ்ரி மருந்துடன் முன்னே சென்றார். காயமடைந்தவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்துவிட்டு நான் பின்தொடர்ந்தேன்.' ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கையெழுத்தும் போட்டேன். அதைப் படித்தால் அவன் வீரன், நான் பொறுப்பான தலைவி. நான் ஒரு பிள்ளையைத் தொலைத்தேன் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

மறுநாள் எம்னா கடைக்கு வந்தாள். அன்று மலையில் எங்கள் வரிசையில் ஐந்தாவதாக, யுஸ்ரிக்கு முன்னால் நடந்தவள். இருமல் மிட்டாய் வாங்கினாள். காசு கொடுத்தபிறகும் போகாமல் நின்றாள்.

"அறிக்கையில எல்லாம் எழுதுவீங்களா, காயிதா?"

"ஏன்?"

"அவன் போகும்போது வாயில விரல வச்சுக் காட்டினான். நான் சும்மா இருந்தேன்." கையிலிருந்த மிட்டாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மொத விசிலுக்கு ஆறுன்னு சொன்னது நான்தான். குரல மாத்தி. ரெண்டாவது தடவ பயந்துட்டேன். அவன் செத்திருந்தா நான்தானே கொன்னிருப்பேன்? எனக்குத் தூக்கமே வர்றதில்ல. வீட்டுல எல்லாரும் யுஸ்ரி யுஸ்ரின்னு கொண்டாடுறாங்க. எனக்குச் சோறு இறங்கல."

அவளை உள்ளே உட்கார வைத்தேன். இன்னும் அனுப்பாமல் பெட்டியில் கிடந்த, கையெழுத்துப் போட்ட தாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறிக்கையில் நானும் குரலை மாற்றித்தான் பேசியிருந்தேன்.

அன்று மாலை யுஸ்ரியைச் சாரணர் இல்லத்துக்கு வரச் சொன்னேன். புதிதாக எழுதியதை அவனிடம் கொடுத்தேன். படிக்கப் படிக்க அவன் காது சிவந்தது.

"நான் போகலன்னா அந்தப் பொண்ணு செத்திருக்கும்."

"இருக்கலாம். அதையும் எழுதியிருக்கேன் பாரு."

"எங்கம்மா ஊரெல்லாம் சொல்லியாச்சு. விழாவுக்கு எங்க அத்தை தூனிஸ்லேருந்து வர்றாங்க." தாளை மேசையில் எறிந்தான். "ஓ, புரியுது. என்னக் கண்டுபிடிச்சது நீங்கன்னு எழுதினா நீங்கதானே ஹீரோ? அதானே?"

"மொத வரியப் படிடா."

முதல் வரி இதுதான்: 'என் பொறுப்பில் இருந்த ஆறு பேரில் ஒருவரை நான் தொலைத்தேன்; இருபது நிமிடம் அது எனக்குத் தெரியவே இல்லை.' எம்னா செய்ததை நான் எழுதவில்லை. எண்ணிக்கை என் வேலை.

"இதுக்கு உங்களத் தூக்கிடுவாங்க" என்றான், குரல் இறங்கி.

"தெரியும்."

"பாதிய மட்டும் எழுதுங்க, காயிதா. ப்ளீஸ். யாருக்கு நஷ்டம்?"

"பாதிய ஏற்கெனவே எழுதிப் பாத்துட்டேன்."

கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான். மறுநாள் காலை அறிக்கையை அனுப்பினேன்.

அதற்கப்புறம் நடந்தது எதுவும் சுலபமாக இல்லை. பதக்கத்தை நிறுத்திவைத்தார்கள். ஆணையர் போனில் கத்தினார். யுஸ்ரியின் அம்மா கடைக்கே வந்து, எல்லோர் முன்னாலும், "என் புள்ளையப் பாத்துப் பொறாமையா உனக்கு?" என்று கேட்டாள். அடுத்தவரின் மருந்துச் சீட்டைக் கைநீட்டி வாங்கினேன். ரொட்டிக் கடைக்காரர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. யுஸ்ரி சாரணர் இல்லப் பக்கமே வரவில்லை.

மார்ச்சில் விழா நடந்தது. எங்கள் குழுவுக்குப் பொதுவாக ஒரு பாராட்டுச் சான்றிதழ். ஹம்மாதி குஃப்ரானைக் கையில் பிடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். கூட்டத்தில் கண்ணால் தேடினார்.

"அந்தத் தம்பி எங்க?"

"வரல, அண்ணே." நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அவன் வழி தவறுனானா, நீ தவறுனியா, எனக்கு அந்த விவரமெல்லாம் வேணாம் தங்கச்சி. ஆனா ஒண்ணு. அவன் அப்பிடிப் பிச்சிக்கிட்டு ஓடலன்னா நீ அன்னிக்கு மறுபடி ஏறியிருப்பியா?"

"ஏறியிருப்பேன்" என்றேன். உடனே சொன்னேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் அறிக்கைமீதான விசாரணை ஏப்ரலில். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வெளியே உட்காரச் சொன்னார்கள். நடைக்கூடத்தில் யுஸ்ரி நின்றிருந்தான், சீருடையில். என்னைப் பார்க்காமல் உள்ளே போனான். அரை மணி நேரம் கழித்து, பார்க்காமலேயே வெளியேறினான்.

தீர்ப்புத் தபாலில் வந்தது. ஆறு மாதம் நான் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகக் கூடாது. தலைவி பதவி தொடரும். யுஸ்ரி அணித்தலைவன் இல்லை, ஆனால் சாரணனாக இருக்கலாம். கீழே ஒரு குறிப்பு: 'பொட்டலத்தை மாற்றிக் கொடுத்ததையும் வழி தவறியதையும், தலைவி தன்னைத் தேடி வந்ததையும் சாரணர் யுஸ்ரி தானே முன்வந்து கூறினார். தனக்காகப் பொய் எண் சொல்லப்பட்டதையும் கூறியவர், சொன்னவர் யார் என்ற கேள்விக்குப் பதிலளிக்க மறுத்தார்.'

பொய் எண் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. எம்னா அவனிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரம், அவன் வந்து நின்றான். தோளிலிருந்த அணித்தலைவன் பட்டையைப் பிரித்தெடுத்த இடத்தில் துணி வெளுக்காமல் புதுசாகத் தெரிந்தது.

"எங்கம்மா உங்களோட பேச மாட்டாங்க" என்றான்.

"பேச வேணாம்."

"நானும் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"இரு."

அலமாரியில் இருந்த ஒரு பற்பசையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "நீங்க மலையேறக் கூடாதாமே. கீழ என்ன பண்ணுவீங்க ஆறு மாசம்?"

"சின்னப் பசங்களுக்குக் கயிறு முடிச்சு. நாளைக்கு பத்து மணிக்கு. பதினாலு பேரு இருக்காங்க, எல்லாம் வாலு. எனக்கு ரெண்டு கைதான்."

"பத்து மணியா?" என்றான். "எனக்கு ஒன்பதே முக்காலுக்கே வர வசதி."