இறக்கைக் கணக்கு

1967ஆம் வருஷம். பெங்களூரில் விமானங்களைச் சோதித்துப் பார்க்கும் ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் அறையில் கோமளம் ஆபரேட்டராக இருந்தாள். பொறியாளர்கள் துளையிட்ட அட்டைகளில் கொண்டுவரும் கணக்குகளை அடுக்கி மெஷினில் வைப்பது அவள் வேலை. மற்றதை மெஷினுக்குள் எப்போதும் இருக்கும் ‘மானிட்டர்’ என்ற புரோகிராம் பார்த்துக்கொள்ளும். ஒரு கணக்கை ஓட்டி முடித்ததும் அடுத்ததை அதுவே எடுக்கும். வெளிநாடுகளில் பலபேர் ஒரே சமயத்தில் உட்கார்ந்து வேலை வாங்கும் வகைப் புரோகிராமும், ராக்கெட் பறக்கும்போதே உடனுக்குடன் பதில் சொல்லும் வகையும் வந்துவிட்டதாக மேலதிகாரி தேசிகன் சொல்வார். இங்கே இருந்தது வரிசைப்படி ஒவ்வொன்றாக முடிக்கும் வகை. அட்டைக் கட்டின் கடைசியில் இருக்கும் முடிவு அட்டையைப் பார்த்தால்தான், ஒரு கணக்கு முடிந்தது என்று மானிட்டருக்குத் தெரியும்.

அன்று காலை எஞ்சின் பிரிவு ஆராவமுதன் வந்து நின்றார்.

“நேத்து குடுத்தேனே, என் ரிசல்ட் எங்கேம்மா?”

முடிந்த கணக்குகளை மானிட்டர் டைப் அடித்திருந்த தாளைக் கோமளம் பார்த்தாள். அவர் பெயரே அதில் இல்லை. அவருக்கு முந்தையது இறக்கை அதிர்வுக் கணக்கு. அந்தக் கட்டை எடுத்துப் புரட்டினாள். முடிவு அட்டை இல்லை.

எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், ஆராவமுதனின் எண்களையும் இறக்கையின் எண்களாகவே மெஷின் படித்திருக்கிறது. விமானம் எவ்வளவு வேகம் தாங்கும் என்ற அந்த விடை விடிந்ததுமே ஓடுதளத்துக்குப் போய்விட்டது. அந்த விமானத்தில் பைலட்டுக்குப் பின்னால் சோதனைப் பொறியாளராக உட்காரப்போகிறவன் அவள் அண்ணன் வெங்கடராமன்.

தேசிகன் அறைக்கு ஓடினாள். “சார், இறக்கைக் கணக்கு தப்பு. ஃப்ளைட்டை நிறுத்தச் சொல்லுங்கோ!”

“மெஷின் எப்படிம்மா தப்பு பண்ணும்?”

“மெஷின் தப்பு பண்ணலை சார். முடிவு அட்டை இல்லை. நான்தான் பார்க்காம விட்டுட்டேன்.”

தேசிகன் கட்டை வாங்கிப் பார்த்தார். உடனே டெலிபோனை எடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் வெளுத்தது.

“ஃப்ளைட் மேலே ஏறிடுத்தாம். ஓடுதளத்திலேர்ந்து ரேடியோவில கூப்பிட்டுண்டிருக்கா.”

கூரைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டது. சத்தம் உயர்ந்துகொண்டே போனது. கோமளம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சட்டென்று சத்தம் நின்றது. தூரமாகப் போய்விட்டதா, விழுந்துவிட்டதா? ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. அண்ணியின் முகம் கண்ணுக்குள் வந்தது.

டெலிபோன் அடித்தது. தேசிகன் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“பைலட் வேகத்தைக் குறைச்சுத் திரும்பிட்டார். இறங்கியாச்சு.”

கோமளம் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மதியம் கணக்கை மறுபடி ஓட்டினார்கள். அவர்கள் தொடவிருந்த வேகத்தை அந்த இறக்கை தாங்கியிருக்காது. விடையை அவளிடம் வாங்கிக்கொள்ள வெங்கடராமனே வந்தான்.

“என்னடி, விடை வந்தாச்சா?” என்றான்.

கோமளம் தாளை நீட்டினாள். அவன் சட்டைக் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவே இல்லை.