எலும்பில்லாத ராட்சதன்

சான் ஹோசேயில் தன் வீட்டருகே இருக்கும் நூலகத்தில் மானஸா மாதம் ஒருமுறை குழந்தைகளுக்குக் கதை சொல்வாள். அக்டோபருக்கு அவள் எடுத்துக்கொண்டது மெக்சிகோ பக்கத்துப் பழங்குடிகளான மாயா மக்களின் சே வினிக். காட்டில் திரியும் ராட்சதன். உடம்பில் எலும்பே கிடையாது, பாதங்கள் பின்பக்கமாகத் திரும்பியிருக்கும். எதிரே வந்துவிட்டால் ஒரு கிளையை ஒடித்து ஆட்டிக்கொண்டு ஆட வேண்டும். சிரித்துச் சிரித்து அவன் விழுந்துவிடுவான். அப்புறம் எழுந்திருக்க முடியாது.

இணையத்தில் இவ்வளவுதான் இருந்தது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதே நாலு வரி, அதே எழுத்துப்பிழையோடு. ஒரு தளம் குறிப்பிட்ட புத்தகத்தை வரவழைத்தாள். அது இன்னொரு புத்தகத்தைக் கைகாட்டியது. அதில் அந்தப் பெயரே இல்லை.

"மீதிய நீயே இமேஜின் பண்ணிச் சொல்லேன். குழந்தைங்க சோர்ஸ் கேக்கவா போறாங்க?" என்றான் கணவன் செழியன்.

"உங்க ஊர் முனியப்பனப் பத்தி யாரோ இஷ்டத்துக்கு எழுதினா நீ சும்மா இருப்பியா?"



சான் பிரான்சிஸ்கோவில் மெக்சிகோவின் யுகடானிலிருந்து வந்த மாயாக் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களுடைய சங்கம் ஒன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். பதிலே இல்லை. வேறு கதைக்கு மாறிவிடலாம் என்று அவள் முடிவு செய்திருந்தபோது ரொசாலியா கனுல் என்ற பெண் போன் செய்தாள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

"இங்க வந்தப்புறம் அவனைப் பத்தி யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல," என்று சிரித்தாள் ரொசாலியா. "ஆனா எனக்குப் பாதிதான் ஞாபகம். இருங்க, ஊர்ல இருக்கற அண்ணனையும் லைன்ல சேர்க்கறேன்."

அண்ணன் வந்ததும் இருவரும் மாயா மொழியில் சண்டை போட ஆரம்பித்தார்கள். கிளையை ஆட்டினாலே போதும் என்றானாம் அண்ணன். கோணல்மாணலாக ஆடவும் வேண்டும், அப்பா அப்படித்தான் ஆடிக் காட்டுவார் என்றாளாம் தங்கை. அப்பா பேச்சு வந்ததும் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஒரு சொல்லும் புரியாமலே மானஸாவும் சிரித்தாள். அவள் படித்த நாலு வரியில் இந்தச் சிரிப்பு இல்லை.

"நான் சொல்றதை விட நீங்களே வந்து சொல்லுங்களேன்," என்றாள்.

ரொசாலியா கொஞ்சம் தயங்கினாள். "சனிக்கிழமை எனக்கு லீவுதான்."

அந்தச் சனிக்கிழமை நூலகமே அதிர்ந்தது. ரொசாலியா ஆட, குழந்தைகள் காகிதக் கிளைகளை ஆட்டிக்கொண்டு கூடவே ஆடினார்கள். ராட்சதனாக விழுந்து கிடந்தவன் செழியன்.

கதை முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தாய் கூச்சத்தோடு கையைத் தூக்கினாள்.

"நான் குவாத்தமாலா. நாங்களும் மாயாதான். எங்க பக்கத்துல இதை வேற மாதிரி சொல்லுவோம். சொல்லட்டுமா?"

மானஸா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்குப் போட்டாள்.