காற்றில் கஞ்சத்தனம்

என் நாத்தனாருக்குத் தம்பி என்றால் உயிர். அந்தப் பாசம்தான் அன்றைக்கு என் வீட்டுக்காரரின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

அவர் கல் அறுக்கும் பட்டறையில் காலம் தள்ளியவர். சமையல் மேடைக்குக் கல் அறுத்து அறுத்து, தூசியெல்லாம் நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், மூக்கில் குழாய். மெஷினின் கண்ணாடிக் குழலுக்குள் சின்னப் பந்து ஒன்று மிதக்கும். அது ஒன்றாம் கோட்டைத் தாண்டக் கூடாது. அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகின் மேல் நானே பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "ரத்தத்துல கரியமில வாயு ஏறினா மூளை கண்டுபிடிச்சு மூச்சை வேகமாக்கும். இவருக்கு அது ஏறியே கிடக்கு. மூளைக்குப் பழகிப்போச்சு, சரியா கண்டுக்கிறதில்ல. கழுத்து ரத்தக்குழாய்ல அரிசி அளவுல ஒரு காவல்காரன் இருக்கான். ஆக்ஸிஜன் பத்தலைன்னு மூளையத் தட்டிக்கிட்டே இருக்கிறது அவன்தான். அள்ளிக் கொடுத்தா அவனும் அடங்கிடுவான். மூச்சு மந்தமாகும், வாயு இன்னும் ஏறும். தூங்குற மாதிரியே ஆள் போயிடுவார்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் வீட்டு நிலவரமும் அதுதானே! தினமும் கத்துகிற என் சத்தம் யார் காதிலும் ஏறாது. எப்போதாவது வருகிற நாத்தனார் முணுமுணுத்தால் வீடே எழுந்து நிற்கும்.

நாத்தனார் வந்த அன்றே காரணத்தோடு சொன்னேன்: "அண்ணி, அந்தத் திருகு பக்கம் மட்டும் போயிடாதீங்க."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "சோப்புல காட்டு, எண்ணெயில காட்டு. காத்துலகூடவா கஞ்சத்தனம்?"

மறுநாள் மதியம் சலவைக் கடையில் இஸ்திரி வேலையை முடித்துவிட்டு வந்தேன். நாத்தனார் வாசலிலேயே உதட்டில் விரலை வைத்தார்.

"உஷ்! எப்படித் தூங்குறான் பாரு. கன்னம்கூடச் சிவந்திருக்கு. இத்தனை மாசத்துல உன்னால முடிஞ்சுதா?"

உள்ளே ஓடினேன். எப்போதும் தலையணைகளில் சாய்ந்து மூச்சுக்கு மல்லாடுகிற மனிதர் காலை நீட்டிப் படுத்திருந்தார். பிளாஸ்திரி கிழிந்து தொங்கியது. பந்து ஐந்தில் நின்றது.

"அடிப்பாவி!" மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. திருகைக் குறைத்து, அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "மூச்சை இழுங்க! இழுய்யா!" ஒன்று இழுத்தார். பிறகு அப்படியே அடங்கினார். மறுபடி உலுக்கினேன், மறுபடி ஒன்று.

நாத்தனார் சுவரோடு சுவராக நின்றிருந்தார்.

"ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க அண்ணி, அப்புறமா அழுதுக்கலாம்!"

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி, மெஷினால் காற்றை உள்ளே தள்ளினார்கள். ஆம்புலன்ஸில் வந்த வழியெல்லாம் நான் நாத்தனாரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் தம்பியின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கண் திறந்தார். பெற்ற பிள்ளை பிழைத்தது போல எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. வாயை நனைக்க நர்ஸ் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"எதுக்கு எழுப்புன?"

"எழுப்பலைன்னா போய்ச் சேர்ந்திருப்பீங்க!"

"தெரியும்." அவருக்கு மூச்சு இளைத்தது. "நான்தான் அக்காகிட்ட திருகைக் கூட்டி வைக்கச் சொன்னேன். டாக்டர் சொன்னப்ப நானும்தானே இருந்தேன்?"

அவர் தோளைத் தடவிக்கொண்டிருந்த நாத்தனாரின் கை நின்றது. "மூச்சு முட்டுதுக்கா, அவ வர்றதுக்குள்ள கூட்டி வைன்னு கெஞ்சினியே," என்றார் மெதுவாக. "அதுக்கு என் கைதான் கிடைச்சுதா, தம்பி?"

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் முகமூடியை மறுபடி மாட்டினாள்.

நான் கட்டிலைச் சுற்றிப் போய் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரின் கையும் போர்வைக்கு வெளியேதான் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆத்திரம்.