ஒலி நிறுத்தப்பட்டது

மாமனாரின் காது மெஷினைத் தானே சரிசெய்து தருவதாக மாப்பிள்ளை வாக்குக் கொடுத்தது சாப்பாட்டு மேசையில், மனைவி முன்னால். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவனுக்கு இந்த மாதிரி வாக்கெல்லாம் வாயில் தானாக வரும். அதில் பாசம் எவ்வளவு, ஜம்பம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்றாவதாக ஒன்றும் வெளியே வந்திருக்கும். இந்த ஒரு வேலையைச் செய்து கொடுத்துவிட்டால், கிழவரை மூத்த மகள் வீட்டுக்கு அனுப்பும்போது மனசு உறுத்தாது என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

மெஷின் கெட்டுப்போகவில்லை. அதன் கோளாறே வேறு. மாமனாருக்கு ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது. மற்ற காதில்தான் மெஷின். ஒருமுறை ரிப்பேருக்குப் போய் வந்ததிலிருந்து அதில் எல்லாமே அளவுக்கு மீறிக் கேட்டது. யாராவது கரண்டியைக் கீழே வைத்தால்கூட மனுஷன் துள்ளி விழுவார். அதனால் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டிவியை முழுச் சத்தத்தில் வைத்துவிடுவார். மாடிவீட்டுக்காரர் தன் வீட்டில் டிவி போடாமலேயே செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

காது மெஷின் கடையில் கையை விரித்துவிட்டார்கள். இந்த மாடலின் அளவை மாற்றும் சாஃப்ட்வேர் அவர்களுடைய பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போயிற்று. புதியதில் அது ஓடாது. "வேணும்னா நீங்களே முயற்சி பண்ணிப் பாருங்க" என்று ஒரு சிடியையும், சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியையும் கொடுத்து அனுப்பினார்கள். புது மெஷின் வாங்கலாம் என்றால் மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. "போட்டுப் பாத்தேன் மாப்பிள்ளை. எல்லாரும் தகர டப்பாக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி கடைக்குக் கிளம்பியதும், மாப்பிள்ளை மேசையில் கடை பரப்பினான். அந்தப் பெட்டியின் வாலில் இருந்தது ஒன்பது ஊசி வைத்த பழைய சீரியல் கேபிள். அதைச் செருகுகிற ஓட்டை இப்போது வருகிற எந்த லேப்டாப்பிலும் கிடையாது. அதற்காக யூஎஸ்பியில் மாட்டுகிற ஒரு மாற்றுக் கம்பி கொண்டுவந்திருந்தான். சாஃப்ட்வேரோ புது விண்டோஸைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவனும் விடவில்லை. லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல ஜோடித்து, அதற்குள் பழைய விண்டோஸை ஏற்றி, அதற்குள் இதைக் குடிவைத்தான். கடைசியில் திரை முழுக்கச் சாம்பல் நிறப் பொத்தான்களாக அது எழுந்து வந்தபோது, அவனுக்கு அவன்மேலேயே கொஞ்சம் மரியாதை வந்தது.

மாமனாரை எதிரே உட்காரவைத்துக் காதில் மெஷினை மாட்டி, அதிலிருந்து வரும் மெல்லிய கம்பியைக் கழுத்தைச் சுற்றிவிட்டுப் பெட்டியில் செருகினான்.

"மாமா, இப்ப ஆரம்பிக்கப்போறேன். காதுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு மொதல்ல அதுவே சத்தத்த நிறுத்திடும். கொஞ்ச நேரம் உங்களுக்கு ஒண்ணுமே கேக்காது. பயப்படாதீங்க. கழுத்த மட்டும் அசைக்காதீங்க, கம்பி கழண்டுடும்."

"சரிங்க மாப்பிள்ளை."

பொத்தானைத் தட்டினான். 'ஒலி நிறுத்தப்பட்டது' என்று பச்சை எழுத்து வந்தது. அதன் கீழேயே 'பதில் இல்லை' என்று சிவப்பு எழுத்தும் வந்தது. மறுபடி தட்டினான். மறுபடியும் மேலே பச்சை, கீழே சிவப்பு.

மாமனார் கையைத் தூக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை உதட்டில் விரலை வைத்து, அசையாமல் உட்காருங்கள் என்று சைகை காட்டினான். அவர் கீழ்ப்படிந்து வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் சகலையிடமிருந்து போன் வந்தது. மூத்த மகளின் கணவர். கை இரண்டும் வேலையாக இருந்ததால், மாப்பிள்ளை போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான்.

"என்ன சகலை, பேசணும்னு மெசேஜ் போட்டிருந்தீங்க? மாமனார் பக்கத்துல இருக்காரா?"

"எதிர்லதான் உக்காந்திருக்கார். அவருக்கு ஒண்ணும் கேக்காது, தைரியமா பேசுங்க" என்றான் நம் கெட்டிக்காரன். "இந்த மெஷின சரி பண்ணி, அடுத்த வாரமே அவர உங்க வீட்டுல கொண்டுவந்து விட்டுடறேன். என்னால முடியல சகலை. டிவி சத்தம், ராத்திரி முழுக்க இருமல், எதச் சொன்னாலும் நாலு தடவ கத்தணும். இது வீடா, சந்தைக்கடையா?"

"அய்யோ, ஆள விடுங்க! இங்க எடம் ஏது? பசங்க படிக்கற ரூமத்தான் குடுக்கணும். அவருக்கு உங்களத்தான் ரொம்பப் பிடிக்கும். நீங்களே வெச்சுக்குங்க."

"பிடிச்சவன் தலையில கட்டிடறதா? ஆறு மாசம் நீங்க, ஆறு மாசம் நாங்க. அதான் நியாயம்."

"அப்ப மொத ஆறு மாசம் நீங்க!"

இருவரும் சிரித்தார்கள். பழைய பீரோவை யார் வீட்டில் போடுவது என்று பேசுகிறவர்கள் இப்படித்தான் சிரிப்பார்கள். மாமனார் சட்டையின் மேல் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். கழுத்தை மட்டும் அசைக்கவில்லை.

போனை வைத்துவிட்டு மாப்பிள்ளை மறுபடி சிவப்பு எழுத்தோடு மல்லுக்கு நின்றான். பிறகு ஒரு இடத்தில் பிடி கிடைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டான். உள்ளே ஜோடித்த பழைய கம்ப்யூட்டரையும் வெளியே தொங்கும் மாற்றுக் கம்பியையும் இணைத்து விடுகிற அமைப்பையே அவன் செய்யவில்லை. இவ்வளவு நேரம் தட்டியதெல்லாம் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அதை இணைத்துவிட்டு மறுபடி பொத்தானைத் தட்டினான்.

மாமனார் திடுக்கிட்டுக் காதைத் தொட்டார். தன் குரல் தனக்கே கேட்காத மனிதர் பேசுகிற உரத்த குரலில் சொன்னார்:

"ஆங், இப்பத்தான் மாப்பிள்ளை! இப்பத்தான் ஒண்ணுமே கேக்கல!"

"அப்பாடா!" என்றான் மாப்பிள்ளை. திரையில் சிவப்பு எழுத்து போய்விட்டது. பச்சை மட்டும் இருந்தது. சந்தோஷமாக அதையே பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தபோது, 'இப்பத்தான்' என்று அவர் சொன்னது மெல்ல மண்டையில் ஏறியது.

கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அவன் சொல்வது ஒன்றுண்டு. திரையில் வருவதை நம்பாதீர்கள், அனுப்பினேன் என்றுதான் அது சொல்லும், போய்ச் சேர்ந்ததா என்று அதற்கே தெரியாது என்பான். பதில் இல்லை என்று அவ்வளவு பெரிதாகச் சிவப்பில் எழுதியிருக்க, அவன் தனக்குத் தோதான பச்சையை நம்பியிருக்கிறான். அவர் கையைத் தூக்கியது, கேட்கிறது என்று சொல்லத்தான். சொல்ல விடாமல் வாயை மூடவைத்ததும் அவனேதான். அதுவும் எல்லாமே அளவுக்கு மீறிக் கேட்கிற மெஷின்.

நாக்கைப் பிடுங்கி வெளியே எறியலாம் போலிருந்தது. சகலையின் சிரிப்பு, தன் சிரிப்பு, சந்தைக்கடை, ஆறு மாசம் எல்லாம் வரிசையாக வந்து முகத்தில் அறைந்தன.

"மாமா, மன்னிச்சிடுங்க" என்றான். வாய்விட்டுத்தான் சொன்னான். ஆனால் பச்சை எழுத்து இப்போது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்காது என்று தெரிந்துதான் அந்தத் தைரியமே வந்தது. அது தெரிந்ததும் இன்னும் அவமானமாக இருந்தது.

தலையைத் தூக்காமல் கூர்மையான சத்தங்களைக் குறைத்தான், மற்றதைச் சீராக்கினான், ஒலியைத் திறந்துவிட்டான்.

"கேக்குதா மாமா?"

"கேக்குதுங்க. ரொம்பத் தெளிவா இருக்கு. காதுல குத்தவே இல்ல." இப்போது அவர் குரல் இறங்கி, இயல்பாக இருந்தது.

சொன்னதை மறுபடி சொல்ல இதுதான் நேரம். மாப்பிள்ளை திரையில் இருந்த அளவுகளை மறுபடி சரிபார்த்தான்.

"ஒரு உதவி மாப்பிள்ளை" என்றார் அவர், சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி. "மொத்தமாவே இன்னும் கொஞ்சம் கொறச்சிடுங்க. பக்கத்துல வந்து கூப்பிட்டா கேட்டாப் போதும். எந்த வீட்டுல இருந்தாலும் எனக்கு அது போதும்."

வேண்டாம் மாமா என்று சொல்லியிருக்கலாம். அவன் குறைத்தான். குறைக்கும்போது, இனிமேல் வீட்டில் கொஞ்சம் தாராளமாகப் பேசலாம் என்று உள்ளே ஏதோ ஒன்று நிம்மதிப்பட்டதையும் அவனால் மறுக்க முடியவில்லை. சேமித்தான். மாமனார் கம்பியைத் தானே கழற்றி, சிக்கு விழாமல் சுருட்டி அவன் முன்னால் வைத்தார்.

மனைவி பைகளோடு உள்ளே வந்தாள். "அப்பா! கேக்குதா?" என்று பழக்கதோஷத்தில் கத்தினாள்.

"நல்லாக் கேக்குதும்மா. மாப்பிள்ளை சாதிச்சுட்டார்."

அவள் முகம் மலர்ந்தது. சமையலறைக்குப் போய் அங்கிருந்து சாதாரணக் குரலில், "டீ போடட்டாப்பா?" என்றாள். அவரிடமிருந்து பதில் வரவில்லை. மறுபடி கேட்டாள். பிறகு வாசல்படியில் வந்து நின்று புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க, இதுகூட கேக்கலையே? சரியா வைக்கலையா?"

அவளிடம் எப்படிச் சொல்வது? எதிலிருந்து ஆரம்பிப்பது? அவன் லேப்டாப்பை மூடினான்.

"மெஷின் பழசு. இதுக்கு மேல வராது" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனாருக்கு அது கேட்டது. நிமிர்ந்து மகளைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஆமாம்மா, பழசுதானே. மாப்பிள்ளைய ஒண்ணும் சொல்லாத" என்றார்.