அகலக் கழுத்துக் கிட்டார்

"இந்த வருசம் நமக்கு நல்ல கிட்டார் ஒண்ணு எடுத்துருவோம். எது எடுக்கணும்னு நீயே பாத்துச் சொல்லு" என்று வைகுண்டராஜ் சொன்னபோது பாண்டிச்செல்வி சோற்றைப் பிசைந்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று தோன்றியது. அவன் முகத்தில் சிரிப்பில்லை.

2006 தை மாதம் அது. கம்பத்தில் வைகுண்டராஜ் ஒரு மெல்லிசைக் குழு நடத்திவந்தான். கீபோர்டு அவன். கிட்டார் அவனுடைய தங்கை செல்வி. கல்லூரி முடித்த வருடத்திலிருந்தே அவள் குழுவில் வாசிக்கிறாள். பகலில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செல்போன் கடையில் வேலை. அவள் கையில் இருந்தது குமுளியில் ஒரு ஓட்டல்காரரிடம் பழசாக வாங்கிய கிட்டார். கழுத்து வளைந்துபோய், பாதிக்கு மேலே எங்கே விரல் வைத்தாலும் கம்பி கிர்ரென்று உரசும். அதனால் மேல் ஸ்தாயியில் வரும் இடங்களையெல்லாம் கீழே இறக்கி வாசித்துச் சமாளித்துவந்தாள்.

"எவ்வளவுக்குள்ளண்ணே?" என்று கேட்டாள்.

"முப்பதாயிரம். அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது."

அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. பெரியகுளத்தில் வேறொரு குழுவின் கச்சேரி என்று கேள்விப்பட்டு, கூட வேலை பார்க்கும் பெண்ணை அழைத்துக்கொண்டு போய் மேடைக்குப் பக்கவாட்டில் நின்று கேட்டாள். வடுகபட்டியில் ஒரு கல்யாணத்தில் வாசித்த கிட்டார்காரரிடம் சாப்பாட்டுப் பந்தியில் போய்ப் பேச்சுக் கொடுத்தாள். தன் குழு எதையெல்லாம் வாசிக்கிறது என்று யோசித்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் பழைய மெலடி. அதற்கு மணி மாதிரித் தெளிவான சத்தம் வேண்டும். மிச்சத்தில் பெரும்பங்கு குத்துப்பாட்டு, கொஞ்சம் மலையாளப் பாட்டு. வாசிப்பதோ திறந்தவெளியில், பக்கத்திலேயே ஜெனரேட்டர், தலைக்கு மேலே சீரியல் செட். இந்த விளக்குகளுக்குக் கீழே நின்றால் சில கிட்டார்கள் வண்டு மாதிரி ரீங்காரம் போடும் என்பது அவளுக்குப் பட்டுத் தெரிந்த விஷயம்.

மதுரையில் கடைக்குப் போனபோது கடைக்காரர் முதலில் ரத்தச் சிவப்பில் மினுங்கும் ஒன்றை எடுத்து நீட்டினார். செல்வி அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இது பாக்க நல்லாருக்கு. எங்க மேடையில இரைச்சல் போடும். ரெட்டைச் சுருள் பிக்கப் இருந்தாத்தான் அது வராது. அதுல காட்டுங்க."

"பெரிய ஆம்ப் ஒண்ணு சேத்து எடுத்துக்கங்க. கச்சேரி களைகட்டும்."

"ஆம்ப் எதுக்கு? நாங்க நேரா மிக்ஸர்ல குடுத்துருவோம். அந்தக் காச ஒரு ப்ராசஸர்ல போட்டா நூறு பாட்டுக்கு நூறு சவுண்டு வெச்சுக்கலாம். கால்ல ஒரு மிதி மிதிச்சா மாறிரும்."

கடைக்காரர் வைகுண்டராஜைப் பார்த்தார். "தங்கச்சி வெவரமா இருக்காகளே" என்றார். வைகுண்டராஜ் பெருமையாகச் சிரித்தான். செல்விக்கு உள்ளுக்குள் இனித்தது.

கடைசியில் ஒரு ப்ராசஸர்ப் பெட்டியும் பழுப்பு நிறத்தில் ஆரவாரமில்லாத ஒரு கிட்டாரும் முடிவாயின. அதே கிட்டார் இரண்டு விதமாக இருந்தது. ஒன்றுக்குக் கழுத்து மெலிசு, இன்னொன்றுக்கு அகலம். செல்வி மெலிசானதை மடியில் வைத்து வாசித்தாள். இத்தனை வருடமாக எட்டாத இடத்துக்கெல்லாம் சின்ன விரலும் சுலபமாகப் போய் உட்கார்ந்தது.

"அந்த அகலமானத எடுத்தா என்னத்தா?" என்றான் வைகுண்டராஜ்.

"என் கைக்கு இதுதாண்ணே. அதுல வெரலு எட்டாது."

அவன் சரி என்று தலையசைத்து முன்பணம் கொடுத்தான். அடுத்த வாரம் மீதியைக் கொடுத்துத் தானே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். திரும்பும்போது பஸ்ஸில் தேனி வரைக்கும் செல்வி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அவன் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உம் கொட்டினான்.

அடுத்த வாரம் அவன் கொண்டுவந்தது அகலக் கழுத்துக் கிட்டார்.

"அது வித்துப்போச்சாம். கடைக்காரன் நெருக்கினான். ரெண்டும் ஒண்ணுதானே?"

செல்விக்கு முகம் வாடியது. ஆனாலும் கிட்டார் புதுசு, வளையாதது. பழகிக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டாள். தினமும் கடையிலிருந்து வந்ததும் விரலை அகட்டி அகட்டிப் பழகினாள். மணிக்கட்டில் வலி எடுத்தது. அம்மா கஸ்தூரியம்மாள் தைலம் தேய்த்துவிடும்போது, "எதுக்குத்தா இம்புட்டுப் பாடு?" என்பாள். அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்காயக் கோடவுனை ஒட்டி அவர்கள் ஒத்திகை பார்க்கும் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ப்ராசஸரில் சத்தம் அமைத்து, ஒவ்வொன்றையும் ஒரு நம்பரில் பதிந்துவைத்தாள். தாலாட்டுக்குக் கொஞ்சம் எதிரொலி. மழைப் பாட்டுக்கு நீர் அலைவது போல ஒரு நடுக்கம். குத்துப்பாட்டுக்குக் கரகரப்பு, ஆனால் பாடுகிறவரின் குரலை மூடாத அளவுக்கு. ஒரு பாட்டுக்குச் சத்தம் பிடிபட ஒரு பகல் முழுக்க ஆகிவிடும். வைகுண்டராஜ் பக்கத்திலேயே இருந்தான். "இந்தப் பாட்டுக்கு எத்தனாம் நம்பர்? அடுத்ததுக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டான். அண்ணன் தன்னோடு இவ்வளவு நேரம் உட்கார்ந்ததாக அவளுக்கு நினைவே இல்லை. அந்த மாதம் அவளுக்குச் சந்தோஷமாகவே போனது.

பங்குனியில் ஒரு நாள் காலையில் செல்போன் கடைக்கு எதிரே புது ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். தேவாரத்தில் கோயில் திருவிழா, கம்பம் குழுவின் கச்சேரி. நடுவில் கீபோர்டோடு வைகுண்டராஜ். அவனுக்குப் பக்கத்தில் சுருட்டை முடியோடு ஒரு பையன் பழுப்பு நிறக் கிட்டாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே, 'லீட் கிட்டார்: மதுரை இனியன்'.

"செல்வி, ஒன் போட்டோவக் காணோமே?" என்றாள் கூட வேலை பார்க்கும் பெண்.

"பழைய போட்டோவாட்டம் தெரியுது" என்றாள் செல்வி. சொல்லும்போதே அந்தக் கிட்டார் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதில் தொங்கிய பட்டை அவளே மாட்டியது.

முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். கஸ்தூரியம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, ஒனக்குத் தெரியுமா?"

கஸ்தூரியம்மாள் முறத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவந்தான் சொல்றேன்னான்" என்றாள்.

செல்வி ஒத்திகை அறைக்கு நடந்தாள். வெளியிலேயே கேட்டது, அவள் அமைத்த மழைப் பாட்டுச் சத்தம். உள்ளே சுருட்டை முடிப் பையன் வாசித்துக்கொண்டிருந்தான். நீளமான கை. அந்த அகலக் கழுத்து அவன் கைக்குள் அடக்கமாக இருந்தது. அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்தான்.

"வணக்கம்க்கா. நீங்கதான் அண்ணன் தங்கச்சியா? சவுண்டெல்லாம் பிரமாதமா வெச்சிருக்கீக. எனக்காகவே ஒக்காந்து பண்ணிக் குடுத்ததா அண்ணன் சொன்னாரு."

செல்வி அவன் கையிலிருந்த கிட்டாரைப் பார்த்தாள். அவன் தொடர்ந்து, "கடையில மெலிசா ஒண்ணு எடுத்து வெச்சிருந்தாக. நான் என் கைக்குச் சரிப்படாதுன்னேன். அண்ணன் உடனே இத மாத்திட்டாரு" என்றான்.

கீபோர்டின் பின்னாலிருந்து வைகுண்டராஜ் எழுந்தான். "தம்பி, நீ போயி டீ குடிச்சிட்டு வா" என்றான். இனியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கிட்டாரை வைத்துவிட்டு வெளியே போனான்.

"அப்ப அது விக்கவே இல்லையாண்ணே?"

"ஒக்காருத்தா. நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? கச்சேரி முடிஞ்சப்பறமா?"

"மலை மேல கட்டப்பனையில ஒரு ஏஜென்ட் வருசம் முழுக்கப் புரோகிராம் தாரேங்குறாரு. பொம்பளப் பிள்ளைய வெச்சுக்கிட்டு ராத்திரி மலையேற முடியாதுங்குறாரு. ஒனக்கும் மாப்பிள்ளை பாக்குறோம். மேடையில நிக்கிற பிள்ளைன்னா வாரவுக யோசிக்கிறாக. எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான்."

"அத என்கிட்டச் சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன், சண்ட போட்டிருப்பேன். அவ்வளவுதானே? எதுக்கு என்னையக் கடைக்குக் கூட்டிட்டுப் போன?"

வைகுண்டராஜ் தரையைப் பார்த்தான். "ஒன்ன மாதிரிப் பாத்து எடுக்க எனக்குத் தெரியாதுல்ல" என்றான்.

அவன் பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கை வலிக்கத் தைலம் தேய்த்துக்கொண்ட ஒவ்வொரு நாளும் வீட்டில் இரண்டு பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு ப்ராசஸருக்கு முன்னால் மண்டியிட்டு இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். சின்னத் திரை அணைந்து மறுபடி எரிந்தது.

"என்னத்தா பண்ணுன?"

"கடையில வாங்குனப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிட்டேன். கிட்டாரும் பெட்டியும் ஒன் காசு. வெச்சுக்க. உள்ள இருந்தது என்னோடது."

"கச்சேரிக்கு நாலு நாளுதாண்டி இருக்கு!"

"அதான் இப்பவே பண்ணுனேன். மேடையில வெச்சுப் பண்ணல."

வாசலில் இனியன் டீ கிளாஸோடு நின்றிருந்தான். அவன் வழிவிட்டான். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

தேவாரத்துக் கச்சேரிக்கு அவள் போகவில்லை. மறுநாள் கடைக்கு ரீசார்ஜ் செய்ய வந்த இருவர் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள். நல்ல கூட்டமாம். கிட்டார்ப் பையன் பின்னிவிட்டானாம். செல்வி காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மழைப் பாட்டில் ஏதோ குறைந்தது என்று ஒருவராவது சொல்வார்களா என்று பார்த்தாள். ஒருவரும் சொல்லவில்லை. கச்சேரி நன்றாகவே நடந்திருந்தது. அன்று மத்தியானம் அவளால் சாப்பிட முடியவில்லை.

அதன் பிறகு வீட்டில் அவள் அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவனுக்குச் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வாள். அம்மாவிடமும் தேவைக்கு மேல் பேச்சில்லை. பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். மேடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று போனார்கள். பழைய கிட்டாரை அவள் உறையை விட்டு எடுக்கவே இல்லை.

அடுத்த வருடம் ஆவணியில் இனியன் சென்னைக்கு வேலை தேடிப் போய்விட்டான். இரண்டு நாள் கழித்து வைகுண்டராஜ் செல்போன் கடைக்கு வந்து நின்றான். கடையில் கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து, மேசைக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"ஞாயித்துக்கிழமை சின்னமனூருல கல்யாணம். முன்பணம் வாங்கிட்டேன். நீ வந்து வாசிச்சுக் குடுக்கணும்த்தா. அந்த மெலிசுக் கிட்டாரே எடுத்துருவோம். நாளைக்கே மதுரைக்குப் போவோம், வா."

செல்வி அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் அவனோடு பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"எனக்கு வேலை இருக்குங்க. நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க."

வைகுண்டராஜுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவன் முகம் மாறியது.

"என்னத்தா, அண்ணனப் போயி வாங்க போங்கன்னு பேசுற?"

அவனுக்குப் பின்னால் ஒரு பெரியவர் ரீசார்ஜுக்கு நின்றிருந்தார். செல்வி அவர் பக்கம் திரும்பி நம்பரைக் கேட்டாள். அவர் சொன்னதை அழுத்தும்போது ஒரு எண் தப்பிப்போனது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு அழுத்தினாள். அவள் தலையை நிமிர்த்தியபோது வைகுண்டராஜ் சாலையைக் கடந்து பஸ் ஸ்டாண்டுக்குள் போய்க்கொண்டிருந்தான்.