சீப்புக்காரி

"செத்துப்போனவங்களுக்கு யாரும்மா தலை சீவி விடுவாங்க?"

தொடையெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டி மல்லாந்து கிடந்த மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரியைச் சற்று முன்புதான் தள்ளுவண்டியில் கொண்டுபோயிருந்தார்கள். தலை கலைந்தபடியேதான் போனாள்.

"நல்ல வார்த்தை பேசுடி" என்று அம்மா அதட்டினாள்.

பதில் சொன்னது சீப்புக்காரி. "பிரியமானவங்க யாராவது சீவி விடுவாங்க கண்ணு. யாரும் இல்லேன்னா நான் போவேன்."

வார்டு அவளுக்கு வைத்த பெயர் அது. கல்லூரி விட்டதும் துணிப்பையில் அகலப்பல் சீப்பும் எண்ணெய்ப் புட்டியுமாக வந்துவிடுவாள். எழுந்திருக்க முடியாதவர்களுக்குத் தலை சீவுவாள். சம்பளம் கிடையாது. "படிக்கிற பொண்ணுக்கு வேற பொழப்பில்லையா?" என்று யாராவது கேட்டால், "இருக்கு அத்தை, பேனும் பார்ப்பேன்" என்று சிரிப்பாள்.

படுத்தே கிடந்ததில் மகளின் முடி கம்பளியாகச் சிக்குப் பிடித்துவிட்டது. நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தாள். மகள் ஊரைக் கூட்டினாள்.

"கொஞ்சம் பொறுங்க சிஸ்டர்" என்று சீப்புக்காரி தலைமாட்டில் உட்கார்ந்தாள். நுனியிலிருந்து தொடங்கினாள். சிக்குக்கு மேலே முடியை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்ட பிறகே சீப்பை இழுத்தாள். "இழுக்கிற வலி என் கையோட நிக்கணும். உன் மண்டைக்குப் போகக் கூடாது."

அந்த வாரம் முழுக்க வந்தாள். கத்தரி படாமலே முடி பிழைத்தது.

அம்மா தையற்கடையில் காஜா எடுப்பவள். "உனக்கு நான் என்ன செய்யட்டும் சொல்லு" என்று கையைப் பிடித்துக் கேட்டாள்.

"கால் சரியானதும் இவளை ஒரு ஓட்டம் ஓடவிட்டுக் காட்டுங்க, போதும்."

வீடு திரும்பிய மகளின் காலை இன்று டாக்டரிடம் காட்ட அழைத்து வந்தபோதுதான் அம்மாவுக்குச் செய்தி தெரிந்தது. நேற்று மாலை மழையில், பேருந்து நிறுத்தத்துச் சேற்றில் சரிந்து விழுந்த சீப்புக்காரி எழுந்திருக்கவே இல்லை. இதயத்தில் பிறவிக் கோளாறாம். அவளுக்கே தெரியாது. வெளியூரிலிருந்து அண்ணன் வந்துகொண்டிருந்தான். வார்டில் வாய்விட்டு அழாதவர்கள் இல்லை.

மகளை நர்ஸிடம் விட்டுவிட்டு அம்மா பிணவறைக்கு நடந்தாள்.

"சொந்தமா?" என்றார் வாசலில் இருந்த காவலாளி.

"இல்லீங்க. எம்பொண்ணுக்குத் தலை சீவி விட்டவ."

"அதுக்கு? அண்ணன்காரன் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் கதவு."

"அவன் வந்து பார்க்கறப்போ தங்கச்சி தலை சேறும் சிக்குமா கிடக்கணுமா அண்ணே?"

காவலாளி தலையைச் சொறிந்தார். "உள்ள இருக்கிறவங்க ஒருத்தரும் வாயைத் திறக்கிறதில்ல. வெளிய இருக்கிற நீங்கதான் உயிரை வாங்குறீங்க." சாவியைத் திருகிப் பூட்டைத் திறந்தார். கதவைத் தள்ளவில்லை. "நான் டீ குடிச்சிட்டு வரேன். வரும்போது இங்க யாரும் இருக்கக் கூடாது."

நன்றி சொல்லப் பிந்திவிட்டவர்களுக்கும் கடவுள் எங்கோ ஒரு கதவைத் திறந்து வைக்கிறார். சில சமயம் ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குத்தான்.

உள்ளே எலும்பு வரை குளிர்ந்தது. துணியை விலக்கினாள். முகம் அப்படியே இருந்தது. முடியில் மட்டும் சேறு காய்ந்து கட்டிகட்டியாய் ஒட்டியிருந்தது. முந்தானையை நனைத்து அதைத் துடைத்தாள். பையிலிருந்து தன் சீப்பை எடுத்தாள். அவசரத்தில் ஒரே இழுப்பாக இழுத்தபோது தலை லேசாக அசைந்தது.

"வலிக்குதா கண்ணு?" என்று கேட்டுவிட்டாள்.

பிறகு நுனியிலிருந்து தொடங்கினாள். பின்னி முடித்ததும், கட்ட ஒன்றும் இல்லாமல், கடைக்கு வாங்கி வைத்திருந்த காஜா நூலைப் பிரித்துச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்தாள். சீவி முடிக்கும்வரை, ஒவ்வொரு சிக்குக்கும் மேலே, அவளுடைய இடது கை முடியை இறுகப் பிடித்தபடியேதான் இருந்தது.